பஸ் வந்தது, மலைக்கோயில் திறந்தது... பள்ளிக்கூடம்? 2021 ஜூலை 5 தளர்வுகள் பாலசமுத்திரத்துக்கு என்ன சொல்லின?

தமிழ்நாடு முழுவதும் 2021 ஜூலை 5 முதல் ஒரே மாதிரியான ஊரடங்கு தளர்வுகள் அமலுக்கு வந்தன. மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி என்றிருந்த முறை முடிவுக்கு வந்தது. ஜூலை 12 காலை 6 மணி வரை இந்த உத்தரவு செல்லுபடியானது.

சென்னைக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று எல்லோரும் பேசினார்கள். பழனிக்குத் தெற்கே, பாலாறு பொருந்தலாறு அணைப் பக்கம் இருக்கும் பாலசமுத்திரம் போன்ற ஒரு பேரூராட்சிக்கு இதனால் என்ன மாறியது?

என்னென்ன திறந்தன?

* மாவட்டத்துக்குள்ளும் மாவட்டங்களுக்கு இடையிலும் 50 சதவீத இருக்கைகளுடன், ஏசி இல்லாமல் பஸ்கள் ஓட அனுமதி கிடைத்தது.
* இ-பாஸ், இ-பதிவு தேவைப்படவில்லை.
* கோயில், மசூதி, தேவாலயங்களில் வழிபட அனுமதி இருந்தது. திருவிழா, குடமுழுக்குக்கு அனுமதி இல்லை.
* ஓட்டல், டீக்கடைகளில் பாதிப் பேர் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இருந்தது.
* கல்யாணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்பது வரம்பாக இருந்தது.

எது திறக்கவில்லை?

பள்ளி, கல்லூரி, தியேட்டர், நீச்சல் குளம், பார், உயிரியல் பூங்கா. வெளிமாநில பஸ்களுக்கும் அனுமதி இல்லை.

மாவட்ட எல்லைதான் இங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது

பழனியிலிருந்து உடுமலை ரோட்டில் கொஞ்ச தூரம் போனாலே திருப்பூர் மாவட்டம் வந்துவிடும். வேலை, ஆஸ்பத்திரி, உறவு எல்லாமே இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும்தான்.

திண்டுக்கல் உள்ளிட்ட 23 மாவட்டங்கள் வகை 2-ல் இருந்தன. தொற்று அதிகமாக இருந்த திருப்பூர், கோவை உள்ளிட்ட 11 மாவட்டங்கள் வகை 1. அதனால் ஜூன் 28-ல் நம்ம பக்கம் பஸ் ஓட ஆரம்பித்தும், மேற்கே எல்லையைத் தாண்ட முடியவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதைதான். 2020 ஜூன் 1-ல் மாநிலத்தை 8 மண்டலங்களாகப் பிரித்து பஸ் விட்டார்கள். திண்டுக்கல், மதுரை, தேனியெல்லாம் 5-வது மண்டலம். திருப்பூர் 1-வது மண்டலம். மதுரைக்கு பஸ்ஸில் போகலாம், பக்கத்தில் இருக்கிற உடுமலைக்கு இ-பாஸ் வேண்டும் என்ற நிலை.

தொற்று அதிகமுள்ள இடத்தைத் தனியாகக் கையாள்வது சரிதான். ஆனால் நிர்வாகத்துக்காகப் போட்ட மாவட்டக் கோடும் மக்களின் அன்றாடப் போக்குவரத்தும் ஒன்றல்ல. ஜூலை 5-லிருந்து இந்தச் சிக்கல் தீர்ந்தது.

பாதி இருக்கை என்றால் பாதி ஆபத்தா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பஸ்ஸுக்குள் பாதிப் பேர் என்றால், மீதிப் பேர் எங்கே? பஸ் ஸ்டாண்டில். டிரிப் எண்ணிக்கை கூடாமல் இருக்கையை மட்டும் குறைத்தால், கூட்டம் பஸ்ஸிலிருந்து நிழற்குடைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கடைசியில் காலை நேர பஸ்ஸில் விதியும் காற்றில் பறக்கும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் 2021 மே 8-ல் தொடங்கியது. மே 10-ல் முழு ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்றுவிட்டது. அதாவது, திண்டுக்கல் மாவட்டப் பெண்களுக்கு அந்தத் திட்டம் நிஜமாகவே கைக்கு வந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதன்பின் டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள் என்ற நிலை. கூடுதல் டிரிப் வேண்டும் என்று கேட்க அதுவே சரியான நேரமாக இருந்தது.

ஏசி வேண்டாம் என்ற விதிக்குக் காரணம் இருந்தது. மூடிய, நெரிசலான, காற்றோட்டமில்லாத இடத்தில்தான் கொரோனா சுலபமாகப் பரவுகிறது. எனவே மழைத் தூறலுக்குக்கூட ஜன்னலை முழுசா மூட வேண்டாம். மாஸ்க்கை மூக்குக்கு மேலே போடுங்கள்.

மலைக்கோயில்: ஆபத்து எங்கே?

மலை உச்சியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. கவலை வரிசையிலும், விஞ்ச், ரோப் கார் காத்திருப்பு இடங்களிலும், அடிவாரத்துக் கடைகளிலும்தான். பழனிக்கு உள்ளூர் ஆட்கள் மட்டும் வருவதில்லை. ஒரு நாள் கூட்டத்தில் பல மாவட்டம் கலக்கும்.

ஆனால் அந்தக் கூட்டத்தை நம்பித்தான் பூக்கடை, பஞ்சாமிர்தக் கடை, லாட்ஜ், குதிரை வண்டி என்று ஆயிரக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன. கொடைக்கானல் கோடை சீசனும் மலர்க் கண்காட்சியும் 2020, 2021 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இல்லை. திறக்காமலே இருங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

உண்மையான சோதனை அதன் பிறகுதான் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 17-ல் ஆடி பிறந்தது. ஆகஸ்ட் 2 ஆடிக் கிருத்திகை. அன்றைக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தால்தான், கடைசி நேரத்தில் கதவைச் சாத்தி பக்தர்களை அடிவாரத்தில் திருப்பி அனுப்பும் நிலை வராது.

ஒரு வாரத்தில் தெரியுமா?

இங்கேதான் கணக்கு இடித்தது. தொற்றிய ஒருவருக்கு அறிகுறி தெரிய சராசரியாக 5, 6 நாள் ஆகும். 14 நாள் வரைகூட ஆகலாம். அப்புறம் டெஸ்ட், ரிசல்ட். ஆனால் தளர்வுகள் ஜூன் 21, ஜூன் 28, ஜூலை 5 என்று வாரத்துக்கு ஒன்றாக வந்தன. ஜூன் 28-ல் பஸ் விட்டதன் விளைவு முழுசாகத் தெரியும் முன்பே கோயிலைத் திறந்தோம். பிறகு தொற்று கூடினால், பஸ்ஸாலா, டீக்கடையாலா, கல்யாணத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2021 மே 21-ல் மாநிலத்தின் ஒரு நாள் தொற்று 36,184. ஜூலை தொடக்கத்தில் 4 ஆயிரத்தை ஒட்டி வந்திருந்தது. பெரிய இறக்கம்தான். ஆனால் அப்போது வந்த எண்ணிக்கை ஊரடங்கின் பலன். தளர்வின் பலன் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும்.

பள்ளிக்கூடம்?

2020 மார்ச்சில் மூடிய வகுப்பறை, 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 ஜூலை தொடக்கம் வரை திறக்கவே இல்லை. 15 மாதம் ஆகியிருந்தது. 2020-ல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த குழந்தை, பெஞ்சில் ஒரு நாள்கூட உட்காராமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. கல்வி தொலைக்காட்சி இருந்தது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை திணறுவது டிவிக்குத் தெரியாது.

டாஸ்மாக் கடையைத் திறக்க அப்போது நேரம் குறித்தாகிவிட்டிருந்தது. காலை 10 முதல் இரவு 8 வரை. பள்ளிக்கு அப்போது தேதிகூட இருக்கவில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி அப்போது வந்திருக்கவில்லை என்பது நியாயமான தயக்கம். அப்படியானால் பிள்ளைகளைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் ஊசி போட்டுக்கொள்வதுதான் பள்ளியைத் திறக்கும் வழியாக இருந்தது. ஆசிரியர், சத்துணவு ஊழியர், ஆட்டோக்காரர், வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டி எல்லோரும்.

நாம் அப்போது கவனிக்க வேண்டியிருந்தவை

* வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் அன்று கோயில், கல்யாணம் வேண்டாம். டெஸ்ட் எடுங்கள்.
* 50 பேர் கல்யாணத்தை மண்டபத்துக்குள் அடைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.
* டீயை வாங்கி வெளியே நின்று குடிக்கலாம்.
* ஊசி போடாத பெரியவர்கள் தெருவில் யார் யார் என்று பேரூராட்சியும் சுகாதாரப் பணியாளர்களும் பட்டியல் எடுத்தால், ஆடிக் கூட்டத்துக்கு முன் பாதி வேலை முடியும்.

ஜூலை 5 அன்று எத்தனை கடை திறந்தது என்று எண்ணிவிடலாம். ஜூலை மூன்றாவது வாரம் பழனி ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை காலியாக இருந்தது என்பதுதான் இந்தத் தளர்வுக்கான மார்க்.