உருவில் சிறியவர்



உத்திரமேரூரில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன், வகுப்பிலேயே உருவில் சிறியவன், "ஹஜ்ரத், குள்ளமானவர் குத்துச்சண்டையில் வெல்ல முடியுமா?" என்று வினவினான். முகத்தில் அடிப்பதை நம் மார்க்கம் தடுத்திருப்பதால் அவ்விளையாட்டில் எனக்கு நாட்டமில்லை. ஆயினும் மணிப்பூரின் மேரி கோமைப் பற்றிக் கூறினேன்.

2008ஆம் ஆண்டு உலகப் போட்டியில் 46 கிலோ பிரிவில் பட்டம் வென்றவர் அவர். அதே போட்டியின் 54 கிலோ பட்டம் போலந்து நாட்டுக் கரோலினா மிகல்சுக்கைச் சேர்ந்தது. இவ்விருவரும் எதிரெதிரே நிற்க அன்று வழியே இல்லை.

2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாக இடம்பெற்றது. மூன்றே பிரிவுகள், அவற்றுள் மிகக் குறைந்தது 51 கிலோ. மேரி எடையைக் கூட்டிக்கொண்டு வந்தார். போலந்துப் பெண் குறைத்துக்கொண்டு வந்தார். முதல் ஆட்டத்திலேயே சந்தித்தனர்!

கை நீளமானவரிடம் தொலைவில் நின்றால் அடிதான் மிஞ்சும். உட்புகுந்து குத்திவிட்டு நொடியில் விலக வேண்டும். மேரி 19–14 என்று வென்றார். அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6–11 என்று தோற்று வெண்கலம் பெற்றார்.

"48 கிலோ பிரிவை ஏன் வைக்கவில்லை, ஹஜ்ரத்?" என்றான் மாணவன்.

2024இல் பாரிஸிலும் பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவு 50 கிலோவே.