பயனாளி கையொப்பம்

எத்தனை கையெழுத்து வைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உலர் உணவுக்கு ஒன்று, தறப்பாளுக்கு ஒன்று, வாளிக்கும் நுளம்பு வலைக்கும் ஒன்று, தகரத்துக்கு ஒன்று, மண்வெட்டிக்கு ஒன்று. தாளின் அடியில் ஒரு கோடு கிடக்கும். அதன் கீழே 'பயனாளி கையொப்பம்' என்று இருக்கும். வைக்காவிட்டால் சாமான் இல்லை. வைத்தேன். மேலே எழுதியிருந்ததெல்லாம் ஆங்கிலம். வாசித்துக் காட்டியவர் ஒருவருமில்லை.

நான் முல்லைத்தீவுக்காரி. யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்கு முன் எனக்கொரு பெயர் இருந்தது. வயல் இருந்தது, கிணறு இருந்தது, அவரும் இருந்தார். அதற்குப் பிறகு நான் பயனாளி. அந்தப் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் லட்சக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோம். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி என்று பெரிய மனிதர்களின் பெயரெல்லாம் வலயங்களுக்கு வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை. அந்த ஆகஸ்ட் மழையில் கூடாரத்துக்குள் வெள்ளம். முகாமில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று உலகம் முழுவதற்கும் ஓர் அளவு வகுத்து வைத்திருக்கிறார்கள். அதை நான் அறிந்தது முகாமை விட்டு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, மாதர் சங்கச் செயலாளராகி, ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தபோது. உரிமை எவ்வளவு என்று தெரியாதவளுக்குக் கிடைப்பதெல்லாம் தருமம். வாளியோடு நின்றபோது அந்த எண்ணை யாராவது சொல்லியிருந்தால், நான் கெஞ்சியிருக்க மாட்டேன், கேட்டிருப்பேன்.

ஊருக்குத் திரும்பினோம். ஒரு நிறுவனம் வந்தது. வாழ்வாதாரத் திட்டம் என்றார்கள். புளியமரத்தடியில் கூட்டம். "உங்கட தேவை என்னெண்டு நீங்களே சொல்லுங்கோ" என்று பெரிய தாளை விரித்தார்கள். அத்தனை பெண்களும் ஒரே வாயில் சொன்னோம்: கிணறு. யுத்தம் விட்டுப்போன இரும்பும் அழுக்கும் கிணற்றுக்குள் கிடந்தது. இறைத்துத் துப்புரவாக்கித் தந்தால் மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றோம். நீல மையால் முதலாவது இடத்தில் எழுதினார்கள். தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் கழித்து வந்து இறங்கியவை கோழிக்குஞ்சுகள்.

"தம்பி, கிணறல்லோ கேட்டனாங்கள்?"

"இந்தத் திட்டத்தில கோழிதான் அக்கா இருக்கு. கிணறு வேற திட்டம்."

குடிக்கவே அரை மைல் போய்த் தண்ணீர் தூக்குகிறவள் 25 குஞ்சுகளை எப்படி வளர்ப்பாள்? தடுப்பூசி போட ஆளில்லை. வெள்ளையாய்க் கழிந்து, கழுத்துச் சாய்ந்து, இரண்டு கிழமைக்குள் எல்லாம் செத்தன. வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தேன். மிஞ்சியது கூடும், கூட்டுக்கு முன் நட்ட பெயர்ப்பலகையும். கூட்டைவிடப் பலகைக்கே அதிகம் சீமெந்து போட்டிருந்தார்கள். கொடுத்தவர் பெயர் அதில் இருந்தது. கொடுத்த தொகை இல்லை.

பிறகு வெளிநாட்டிலிருந்து பார்வையிட ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. அந்தத் தம்பி முதல்நாளே ஓடிவந்தான். "அக்கா, நல்லமாதிரிச் சொல்லுங்கோ. இல்லாட்டி அடுத்த திட்டம் உங்கட ஊருக்கு வராது." பக்கத்து வீட்டு விறாந்தையிலிருந்து நாலு கோழியைப் பிடித்து என் கூட்டில் விட்டார்கள். வெள்ளை வாகனம் வந்தது. என்னைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் சிரித்தேன். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்த நாள் அது. ஊரின் அடுத்த திட்டம் என் வாயில் தொங்கும்போது நான் எப்படி உண்மை பேசுவேன்?

பொதுநோக்கு மண்டபத்தில் முறைப்பாட்டுப் பெட்டி ஒன்றும் மாட்டியிருந்தார்கள். நம்பி ஒரு கடிதம் போட்டேன். அடுத்த கிழமை அதே தம்பி என் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். "இப்பிடி எழுதலாமே அக்கா? என்ர வேலை போயிடும்." பெட்டியின் திறப்பு அவனிடம்தான் இருந்தது. அவனைக் கோபித்து என்ன செய்வது? அவனும் தறப்பாளுக்குக் கீழே கிடந்து எழும்பியவன்தான். எனக்கு அவன் பயம், அவனுக்கு மேலதிகாரி பயம், மேலதிகாரிக்குக் காசு தருகிறவன் பயம். கணக்கு எல்லாம் மேல்நோக்கியே போகிறது. கீழே, என் முற்றத்துக்கு, ஒரு சதத்தின் கணக்கும் வந்ததில்லை.

எழுத்தில் குறையில்லை. காசு தருகிறவர்களுக்கு மட்டுமல்ல, உதவி பெறுகிறவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள் என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இலேயே நடத்தைக் கோவையில் எழுதிவைத்தன. முறைப்பாட்டை வரவேற்க வேண்டும், பதிலும் சொல்ல வேண்டும் என்று 2014இல் இன்னொரு நியமம் வந்தது. நடப்பில்தான் குறை. 2008 செப்டெம்பரில், யுத்தத்துக்கு நடுவே, அரசாங்கம் வெளியேறச் சொன்னது என்று ஐ.நா. கிளிநொச்சியை விட்டுப் போனபோது, போகவேண்டாம் என்று சனம் அலுவலக வாசலை மறித்து நின்றது. சனத்தைக் காப்பதில் தங்கள் அமைப்பு தவறிவிட்டது என்று ஐ.நா.வின் சொந்த விசாரணையே 2012இல் ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கை செயலாளர் நாயகத்துக்கு எழுதப்பட்டது. வாசலில் நின்ற சனத்துக்கு அல்ல.

சனத்துக்கு ஒன்றும் தெரியாது என்பவர்களுக்கு ஒரு சொல். 65,000 இரும்பு வீடுகள் கட்டித்தரப் போகிறோம், ஒன்று ஏறத்தாழ 21 லட்சம் ரூபா என்று அரசாங்கம் வந்தபோது, இந்த வெக்கையில் இரும்புக்குள் எப்படிக் குடியிருப்பது, அந்தக் காசில் எத்தனை கல்வீடு கட்டலாம் என்று வடக்கு முழுவதும் கேள்வி எழும்பியது. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கேட்க எங்களுக்குத் தெரியும். கேட்டால் அடுத்த திட்டம் போய்விடும் என்ற பயத்தைத்தான் எடுக்கவேண்டும்.

இப்போது எங்கள் சங்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். யார் வந்தார்கள், எங்கள் பெயரில் எவ்வளவு காசு, என்ன தருவதாகச் சொன்னார்கள், எப்போது, என்ன வந்தது என்று கோடு போட்டிருக்கிறோம். கடைசிக் கட்டத்தில் 'கொடுப்பவர் கையொப்பம்'. போன மாதம் வந்த அதிகாரிக்கு அதை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "இதில கையெழுத்து வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை அம்மா."

நாங்கள் யாரிடம் அனுமதி கேட்டு, ஐயா, அத்தனை தாளிலும் வைத்தோம்?