போதகர் வந்திருக்கிறார், விசாரித்தீர்களா?

பிரிக்பீல்ட்ஸில் லூத்தரன் சீயோன் ஆலயமும் பாத்திமா மாதா கோவிலும் இருக்கின்றன. கிள்ளானில் லூர்து மாதா கோவில் இருக்கிறது. அங்கே ஊழியம் செய்பவர் யார், அவரை அனுப்பிய பேராயர் யார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டபின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்த நம் மக்களின் ஜெபக்கூட்டத்துக்கு, கையில் வேதாகமத்தோடு புதிதாக ஒருவர் வருகிறாரே, அவரை அனுப்பியது யார்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் தாய்மார்கள் எண்ணுகிறார்கள். கேட்காமல் இருப்பதில்தான் ஆபத்து.

"அவர் ஜெபித்தார், எனக்குச் சுகமாயிற்று, அவர் தேவ மனிதர்தான்" என்பார்கள். நம்மிடையே அதிகம் புழங்கும் அளவுகோல் இதுதான். மிகவும் பலவீனமானதும் இதுதான்.

திருநெல்வேலிச் சீமையில் பாலாசீர் லாரி என்று ஒருவர் இருந்தார். 1960களில் அவருடைய சுகமளிக்கும் கூட்டங்களுக்கு ஜனம் திரண்டது. முதலில் அவர் பிரசங்கித்தது இயேசுவைத்தான். பிறகு அமெரிக்கப் போதகர் வில்லியம் பிரன்ஹாமின் உபதேசத்தில் ஈடுபட்டார். முடிவில் அவரே மனுஷகுமாரன் என்று சொல்லி, மனுஜோதி ஆசிரமத்தில் ஒரு கூட்டம் அவர் பின்னால் சென்றது. அவர் 1989-ல் காலமானார். கவனியுங்கள், முதல் நாளே "நான்தான் அவர்" என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? இயேசுவைச் சுட்டிய விரல் கொஞ்சங் கொஞ்சமாகத் தன் மார்புக்குத் திரும்பியது. அடையாளமும் அற்புதமும் காட்டுகிறவர்களிலும் கள்ளத் தீர்க்கதரிசிகள் இருப்பார்கள் என்று மத்தேயு 24-ல் கர்த்தரே எச்சரித்திருக்கிறாரே!

தென் கொரியாவில் தாமி மிஷன் போதகர் லீ ஜாங் ரிம், 1992 அக்டோபர் 28-ம் தேதி விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றார். வேலையை விட்டவர்கள் உண்டு, வீட்டை விற்றுக் காணிக்கை கொடுத்தவர்களும் உண்டு. அவரோ அந்தப் பணத்தில், மறு ஆண்டு முதிரும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! அந்த இரவும் வழக்கம்போல விடிந்தது. அவர் மோசடிக் குற்றத்துக்குச் சிறை சென்றார்.

இந்த வியாதி புதிதல்ல. ஆதித் திருச்சபையின் 'திதாக்கே' என்ற சிறு நூலின் பழைய கையெழுத்துப் பிரதி 1873-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் கிடைத்தது. ஊர் ஊராக வரும் போதகரை எப்படிச் சோதிப்பது என்று அதில் இருக்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளர். புறப்படும்போது வழிக்கு அப்பம் கொடுக்கலாம். பணம் கேட்டால் அவர் கள்ளர். (விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பாட்டிமார் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.) ஆனால் பிறர் வறுமைக்காகக் கேட்டால் அவரைக் குற்றப்படுத்தாதீர்கள் என்றும் அதே நூல் சொல்கிறது.

நம் வீடுகளில் இழப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, 55 வயதில் கைக்கு வரும் சேமநிதிப் பணம். மரம் வெட்டியும் பால் சுமந்தும் சேர்ந்த பணம் அது. "விதை போடுங்கள், நூறு மடங்கு விளையும்" என்கிறவர் கண் அதில்தான் இருக்கும். மற்றொன்று மருந்து. "விசுவாசம் இருந்தால் இனிப்புநீர் மாத்திரை எதற்கு?" என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும் அந்தப் பேச்சை ஏற்காதீர்கள். மாத்திரையை நிறுத்தியவரின் கால்புண் ஆறாமல் போனால், காலை இழப்பவர் அவரல்ல. சுவிசேஷம் எழுதிய லூக்காவையே பவுல் வைத்தியன் என்றுதான் அழைத்தார். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும் மருந்தும் தேவன் தந்ததுதான்.

"கணவருக்குத் தெரிய வேண்டாம்", "பழைய சபைக்கு இனிப் போகாதே" என்ற பேச்சு எழுந்தால் இன்னும் உஷாராக இருங்கள்.

பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17-ல் அதைப் பாராட்டாகவே எழுதியிருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: எந்தச் சபை உங்களை அனுப்பியது? எங்கே இறையியல் படித்தீர்கள்? காணிக்கைக் கணக்கைப் பார்ப்பது யார்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் பழைய சபைப் போதகரிடம் அந்தப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். பதில் வரும்வரை சேமநிதிப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.