அலமாரிக்குள் அடைபட்ட பொம்மைகள்

பொம்மைகள் மீது மத்திய அரசுக்கு வந்திருக்கும் அக்கறை கொஞ்சநஞ்சமல்ல. 20 சதவீதமாக இருந்த இறக்குமதித் தீர்வை 2020-ல் 60 ஆயிற்று; 2023-ல் 70. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மைகளை விற்கக் கூடாது என்ற உத்தரவு 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதுக்கு இந்தப் பாதுகாப்பு அவசியம்தான். ஆனால் இந்தச் சட்டங்களின் வேலை கடை வாசலோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு குழந்தையின் கைக்கும் பொம்மைக்கும் நடுவே நிற்பது அலமாரி.

நடுத்தர வர்க்க வீடுகளில் விலை உயர்ந்த பொம்மை ஷோகேஸுக்குத்தான் போகிறது. விருந்தாளி வந்தால் வெளியே வரும். "உடைச்சிடாதே" என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். 1975-ல் தொடங்கி இன்று நாடு முழுவதும் 14 லட்சத்தை நெருங்கிவிட்ட அங்கன்வாடிகளில் காரணம் வேறு. அங்கே பொம்மை என்பது இருப்புப் பதிவேட்டில் ஏறிய சர்க்கார் சொத்து. உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் சொற்பத் தொகை வாங்கும் ஊழியர். அவர் பீரோவைப் பூட்டி வைத்தால் குற்றம் சொல்ல முடியுமா?

இழப்பு என்னவோ குழந்தைக்குத்தான். தொட்டிலிலிருந்து கிலுகிலுப்பையைத் திரும்பத் திரும்பக் கீழே போடும் குழந்தை அம்மாவைச் சோதிக்கவில்லை. போட்டது எங்கே போகிறது, என்ன சத்தம் வருகிறது, மறுபடி கிடைக்குமா என்று சோதித்துப் பார்க்கிறது. மூன்று வயதில் ஒரு குச்சி குதிரையாகிறது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930-களில் சுட்டிக்காட்டியது இதைத்தான்: ஒரு பொருள் இன்னொன்றுக்குப் பதிலாக நிற்க முடியும் என்பதைக் குழந்தை புரிந்துகொள்ளும் இடம் அது. பின்னால் ஒரு கோடு எழுத்தாகவும் ஒரு வளைவு எண்ணாகவும் நிற்பதற்கு அங்கேதான் அஸ்திவாரம். பொத்தானை அமுக்கினால் தானே ஓடித் தானே பாடும் பொம்மையிடம் குழந்தைக்குச் செய்வதற்கு அதிகமில்லை. வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே.

விலைக்கும் பயனுக்கும் சம்பந்தமில்லை என்பதற்குச் சாட்சி அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து டெல்கோவில் வேலை பார்த்த இவர், 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இன்று நர்மதாபுரம்) மாவட்டப் பள்ளிகளில் நடந்துவந்த அறிவியல் திட்டத்துக்குப் போனார். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்டியூபைத் துண்டு போட்டு, தீக்குச்சிகளை அதில் செருகினார். நான்கு குச்சிகளில் செய்த சதுரம் விரலால் தள்ளினால் சாய்கிறது. மூன்று குச்சிகளில் செய்த முக்கோணம் அசைய மறுக்கிறது. ரயில் பாலத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று அதற்கப்புறம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குச்சி முறிந்தால் இன்னொரு குச்சி. பதிவேடு கிடையாது, பயமும் கிடையாது.

குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் திட்டத்தையோ 2002-ல் மாநில அரசே மூடிவிட்டது. பொம்மை வழியாகக் கற்பிப்பதை 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை மறுபடி பேசுகிறது. மூன்று முதல் எட்டு வயதுவரை உள்ளவர்களுக்காக 2023-ல் 'ஜாதுயி பிடாரா' என்ற மாயப்பெட்டியும் வந்தது. பொம்மைகள், புதிர்கள், கைப்பாவைகள் எல்லாம் அதில் உண்டு.

பெட்டி நல்ல பெட்டிதான். அதுவும் பீரோவுக்குள் போய்ச் சேராமல் இருக்க ஒரு சின்னத் திருத்தம் போதும். இருப்புப் பதிவேட்டில் 'விளையாடித் தேய்ந்தது' என்று ஒரு பத்தி சேர்த்து, அதில் எழுதியதற்கு விளக்கம் கேட்பதில்லை என்று உத்தரவு போடலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி, வருடக் கடைசியிலும் புத்தம் புதிதாக இருக்கும் பொம்மைகளுக்குத்தான் விளக்கம் கேட்க வேண்டும்.