கடைசிப் பந்து யாருடையது?

கடைசிப் பந்தில் சிக்ஸர் அடிப்பவரே பெரிய ஆட்டக்காரர் என்று நம் வகுப்புகளில் வாதம் நடக்கிறது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை.

தோழியரே, 2018 மார்ச் 18இல் கொழும்பில் நடந்த நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். வங்கதேசத்தை வெல்ல 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவை. அந்த நேரத்தில் இறங்கிய தினேஷ் கார்த்திக் 8 பந்துகளில் 29 எடுத்தார். கடைசிப் பந்தில் 5 வேண்டியிருக்க, சிக்ஸர் அடித்தார். நாடே புகழ்ந்தது. தகும்.

ஆனால் 18ஆம் ஓவரில் அடுத்தடுத்து நான்கு பந்துகளைத் தவறவிட்ட விஜய் சங்கரைப் பலர் ஏசினர். அவரும் தமிழகத்தவரே! கடைசி ஓவரில், மூன்று பந்துகளில் 9 தேவை என்றிருந்தபோது, அவர் ஒரு பவுண்டரி அடித்தார். அதை யார் நினைத்தார்கள்? அந்த நான்கு ஓட்டங்கள் இல்லையேல் கார்த்திக்கின் சிக்ஸரும் போதாது!

அடுத்த பந்தில் விஜய் பிடி கொடுத்து வெளியேறினார். பந்து காற்றில் இருக்கும்போதே இருவரும் ஓடிக் கடந்துவிட்டதால்தான் கடைசிப் பந்தைச் சந்திக்கும் வாய்ப்பு கார்த்திக்குக் கிட்டியது. அந்த விதி 2022இல் மாறிவிட்டது. இன்றாயின் புதிதாக இறங்குபவரே அப்பந்தைச் சந்திக்க வேண்டும்.