கிட்னி தானம் முதல் உடல் தானம் வரை... யார் கொடுக்கலாம்? என்ன செய்யணும்?

"நான் போன பிறகு என் உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துடுங்க." வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படிச் சொன்னால், "ஏன் இப்போ அபசகுனமா பேசுறீங்க?" என்று பேச்சை மாற்றிவிடுவோம். ஆனால், அந்தப் பேச்சைப் பாதியில் விட்டதால் நின்றுபோன தானங்களும் உண்டு. உயிரோடு இருக்கும்போது எதைக் கொடுக்கலாம்? இறந்த பிறகு எதைக் கொடுக்கலாம்? பார்க்கலாம்.

உயிரோடு இருக்கும்போது...

ரத்த தானம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடை இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

அதிகம் பேசப்படாதது ஸ்டெம் செல் தானம். ரத்தப் புற்றுநோய், தலசீமியா நோயாளிகளுக்கு இது உயிர் காக்கும். சென்னையில் இயங்கும் தாத்ரி போன்ற பதிவகங்களில் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார்கள், அவ்வளவுதான். யாருக்காவது பொருந்தினால் கூப்பிடுவார்கள்.

அடுத்து, இரண்டு கிட்னியில் ஒன்று, கல்லீரலில் ஒரு பகுதி. கல்லீரல் மறுபடியும் வளர்ந்துவிடும். கிட்னி வளராது. ஆனாலும், முழுப் பரிசோதனையில் தகுதி பெற்றவர்கள் ஒரு கிட்னியோடு இயல்பாக வாழ முடியும்.

யார் யாருக்குக் கொடுக்கலாம்?

1994-ம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய நெருங்கிய உறவினர்கள் கொடுக்கலாம். அதாவது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். உங்கள் ரத்த வகை அப்பாவுக்குப் பொருந்தவில்லையா? இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளவும் அந்தத் திருத்தம் வழி செய்தது.

உறவினர் அல்லாதவர் என்றால், அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதி தர வேண்டும். பணம் கைமாறினால் குற்றம். 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

இந்தக் கெடுபிடி எதற்கு? 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில், கடனில் தவித்த விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்து கிட்னி வாங்கியதாக எழுந்த புகார் உயர் நீதிமன்றம் வரை போனது. வறுமையில் இருப்பவர் 'சம்மதம்' என்று சொல்வது உண்மையான சம்மதமா என்பதுதான் கேள்வி.

குடும்பத்துக்குள்ளும் இதே கேள்வி உண்டு. இந்தியாவில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அம்மாவோ மனைவியோ மறுக்க முடியாமல் தலையாட்டினால் அது தானம் ஆகாது. "எனக்கு விருப்பமில்லை" என்று மருத்துவரிடம் தனியாகச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

இறந்த பிறகு...

மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், நுரையீரல், கல்லீரல், கிட்னி ஆகியவற்றைத் தானம் செய்யலாம். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்த பிறகே மூளைச்சாவு உறுதி செய்யப்படும். 2008-ல் மாணவர் ஹிதேந்திரனின் பெற்றோர் எடுத்த முடிவு, தமிழ்நாட்டில் பெரிய விழிப்புணர்வை உருவாக்கியது. இப்படி உறுப்பு தானம் செய்பவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தப்படும் என 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

வீட்டில் இயற்கையாக இறந்தவரின் கண்களையும் தானம் செய்யலாம். ஆனால், 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும் என்பதால், உடனே கண் வங்கிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

உடல் தானம் வேறயா?

ஆமாம். உறுப்பு தானம் நோயாளிக்குப் போகிறது. உடல் தானம் மருத்துவ மாணவர்களின் படிப்புக்குப் போகிறது. 2024-ல் மறைந்த சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்குத்தான் கொடுக்கப்பட்டது.

அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விண்ணப்பிக்கலாம். போஸ்ட்மார்ட்டம் செய்த உடலையும், எச்.ஐ.வி போன்ற தொற்று இருந்தவர்களின் உடலையும் பொதுவாக வாங்க மாட்டார்கள். உறுப்புகளை எடுத்த உடலும் பெரும்பாலும் ஏற்கப்படாது. கண் தானம் மட்டும் விதிவிலக்கு. சடங்குகளை முடித்துவிட்டே ஒப்படைக்கலாம்.

முக்கியமான விஷயம், நீங்கள் பதிவு செய்திருந்தாலும் கடைசியில் போன் செய்ய வேண்டியதும் கையெழுத்து போட வேண்டியதும் உங்கள் குடும்பம்தான். அவர்களுக்கு விருப்பமில்லை என்றால், உங்கள் பர்ஸில் இருக்கும் அட்டையால் பயனில்லை. அதனால் படிவத்தை நிரப்புவதற்கு முன்பு, வீட்டில் ஒரு வார்த்தை பேசிடுங்க!