மார்கழியில ஓவர்கிளாக், சித்திரையில ஹேங்!

ரொம்ப நாளா மனசுக்குள்ள அரிச்சிக்கிட்டு இருக்கற மேட்டர். இன்னிக்கு கொட்டிடறேன். யாருக்காவது சுருக்குன்னு பட்டா, பட்டும் :-)

நம்ம தஞ்சாவூர் பக்கத்துப் பசங்க சொந்தமா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றாங்க. சந்தோஷம். ப்ராசஸரை ஓவர்கிளாக் பண்றாங்க. அதுவும் சந்தோஷம், நானும் பண்றவன்தான். ஆனா எப்படிப் பண்றாங்க? எங்கயோ ஜெர்மனியில ஒருத்தர் 20 டிகிரி ரூம்ல உக்காந்து வீடியோ போடறார். அவர் வச்ச வோல்டேஜ், அவர் வச்ச மல்டிப்ளையர், அவர் வாங்கின கூலர், எல்லாம் அப்படியே ஈயடிச்சான் காப்பி. மார்கழி ராத்திரி பதினோரு மணிக்கு பத்து நிமிஷம் சினிபெஞ்ச் ஓட்டி ஒரு ஸ்க்ரீன்ஷாட். "அண்ணே, ராக் ஸ்டேபிள்!"

இல்ல தம்பி. அது ஸ்டேபிள் இல்ல. அது மார்கழி.

என் கட்சி இதுதான். கத்திரி வெயில்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஏ.சி. இல்லாம ஒரு மணி நேரம் தாங்காத ஓவர்கிளாக்குக்கு டெல்டாவுல ஓவர்கிளாக்னு பேரே கிடையாது. இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஏத்த வேண்டியது கிளாக் இல்ல, குறைக்க வேண்டியது வோல்டேஜ்.

காரணம் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. கூலர்னு பேர் வச்சிருக்கானே தவிர, அது எதையும் குளிர வைக்கறதில்ல. சிப்போட சூட்டை எடுத்து ரூம் காத்துல விடும், அவ்வளவுதான். சிப் எப்பவும் ரூமை விட இத்தனை டிகிரி அதிகம்னு தான் கணக்கு. ஜெர்மனிக்காரர் ரூம் 20, சிப் 75ன்னா வித்தியாசம் 55. அதே செட்டிங், அதே கூலர், நம்ம வீட்டு ரூம் 38. கூட்டிப் பாருங்க, 93. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பெரிய சிப்புகளுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில பெரும்பாலானதுக்கு 95. அதைத் தொட்டதும் சிப்பே தன் வேகத்தைக் குறைச்சுக்கும். அதாவது காசு செலவழிச்சு ஓவர்கிளாக் பண்ணி, வாங்கின வேகத்தை விட மெதுவா ஓட்டறோம்!

"லிக்விட் கூலர் போட்டுட்டேனே"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். தண்ணியா இருந்தாலும் அது சூட்டைக் கொண்டுபோய் அதே 38 டிகிரி காத்துல தான் விடுது. ரூமை விட கீழ அது போகவே போகாது. பெல்டியர் வச்சு அதுக்கும் கீழ இறக்கினா? நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு மோர் சொம்பு வேர்க்கற மாதிரி சிப்பைச் சுத்தி வேர்க்கும். மதர்போர்டு மேல தண்ணி நிக்கும். தேவையா?

டெல்டாக்காரனுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். தலைமடையில வாய்க்காலை அகலமா வெட்டிட்டு கடைமடையில தூர் வாராம விட்டா தண்ணி போகுமா? சிப், பேஸ்ட், ஹீட்சிங்க், கேபினட், ரூம். சூடு இந்த வழியா தான் வெளிய போகணும். நம்மாளு பன்னெண்டாயிரம் ரூபாய்க்கு கலர் கலரா லைட் எரியற கூலர் வாங்கறான். கேபினட் முன்னாடி மொத்தமா கண்ணாடி, காத்து நுழைய ஓட்டையே இல்ல. அந்தக் கேபினட்டையும் மேசைக்கு அடியில சுவத்தோட ஒட்டி வச்சு, ஜன்னலையும் சாத்திடறான். கடைமடை மொத்தமா அடைச்சுக்கிச்சு. தலைமடையில பன்னெண்டாயிரம் கொட்டி என்ன பிரயோஜனம்?

இதுல ஜெர்மனிக்காரருக்குத் தெரியாத இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. தை, மாசியில சம்பா அறுவடை. கம்பைன் மெஷின் இறங்கினா ஊர் பூரா நெல்லுச் சுணையும் வைக்கோல் தூசியும் தான். அத்தனையும் ஃபேன் வழியா உள்ள போய் ஹீட்சிங்க் இடுக்குல மெத்தை மாதிரி படியும். சரியா அடுத்த ரெண்டு மாசத்துல வெயில் உச்சிக்கு வருது. டிசம்பர்ல "ஸ்டேபிள்"னு சொன்ன மெஷின் மே மாசத்துல அதே மெஷினே இல்லைங்க.

"ஹேங் ஆனா ரீஸ்டார்ட் பண்ணிக்கறேன், உனக்கென்ன?"ன்னு கேக்கறவங்களுக்குத் தான் அடுத்த கதை.

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் கல்யாண வீடியோ எடிட் பண்றவர். அவருக்கு மெஷின் போட்டுக் கொடுத்த கடைக்காரர் (பேர் வேண்டாம்) "ஸ்பீடா இருக்கும்"னு எல்லா கோருக்கும் 1.4 வோல்ட் நிலையா வச்சு, ராம் ஸ்பீடையும் தூக்கி விட்டுக் கொடுத்துட்டார். தை முகூர்த்தமெல்லாம் ஜோரா போச்சு. வைகாசியில ரெண்டர் பாதியில நின்னுச்சு. அது கூட பரவாயில்ல. கார்டுலேருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணின ஃபைல்ல ரெண்டு கெட்டுப் போயிருந்துச்சு. காப்பி ஆகும்போது ஒரு எர்ரரும் வரல. கார்டை அடுத்த கல்யாணத்துக்கு ஃபார்மேட் பண்ணியாச்சு. கெட்டதுல ஒண்ணு தாலி கட்டற நேரம். ரீஸ்டார்ட் பண்ணலாம், முகூர்த்தத்தைத் திரும்ப நடத்த முடியுமா? பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டினா மெம்டெஸ்ட்86-ல முன்னாடி கொட்டின எர்ரர் ஒண்ணு கூட இல்ல.

இதுதான் ஆபத்து. நீலத் திரை வர்ற மெஷின் நல்ல மெஷின், "எனக்கு முடியல"ன்னு வாய் விட்டுச் சொல்லிடுது. சத்தமில்லாம தப்புக் கணக்குப் போடற மெஷின் தான் குடியைக் கெடுக்கும்.

சரி, வோல்டேஜுக்கு வர்றேன். சிப் தின்கற கரண்டு, சுமாரா, வோல்டேஜோட வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கின அளவுக்கு ஏறும். 1.25 வோல்ட்ல 5.0 ஜிகாஹெர்ட்ஸ் ஓடற சிப்பை 1.40 வோல்ட் கொடுத்து 5.25-க்குத் தள்ளினா வேகம் 5 சதவீதம் கூடும். சூடு? 30 சதவீதத்துக்கு மேல. அதே சிப்பை 5.0-லயே வச்சு வோல்டேஜை 1.15-க்கு இறக்க முடிஞ்சா சூடு 15 சதவீதம் குறையும். வேகம் ஒரு துளி குறையாது. எது புத்திசாலித்தனம்னு நீங்களே சொல்லுங்க.

"அந்தக் காலத்துல எல்லாரும் ஏத்தினாங்களே"ம்பாங்க. ஏத்தினாங்க, அர்த்தத்தோட ஏத்தினாங்க. 1998-ல வந்த செலரான் 300ஏ, பஸ் வேகத்தை 66-லேருந்து 100-க்கு மாத்தினா 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல ஓடும். ஒண்ணரை மடங்கு! ஏழைக்கு பென்டியம் 2 கிடைச்ச மாதிரி. அப்ப கம்பெனிக்காரன் சிப்புல மிச்சம் வச்சிருந்தான். இப்ப அந்த மிச்சத்தை டர்போ, பூஸ்ட்னு பேர் வச்சு அவனே பிழிஞ்சுட்டுத்தான் கடைக்கு அனுப்பறான்.

பிழிஞ்சதுல அவனே மாட்டிக்கிட்டதும் உண்டு. இன்டெல்லோட 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் யாரும் ஓவர்கிளாக் பண்ணாமலே கிராஷ் ஆச்சு. 2024-ல இன்டெல்லே ஒத்துக்கிட்டாங்க, தேவைக்கு மேல போன வோல்டேஜால சிப்புக்குள்ள ஒரு சர்க்யூட் தேய்ஞ்சு போகுதுன்னு. ஆகஸ்ட் 2024-ல மைக்ரோகோடு திருத்தம் விட்டாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. ஏற்கனவே தேய்ஞ்சதுக்கு அந்தத் திருத்தம் மருந்தில்ல. செஞ்சவனுக்கே வோல்டேஜ் கட்டுப்படல, நம்மாளு வீடியோ பாத்து 1.4 வைக்கறான்!

"ஏ.சி. போட்டுட்டு ஓட்டறோம்"னு சொல்றவங்களுக்கு ஒரே கேள்வி. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற கரண்டு பில் யார் கட்டறது? அப்பா தானே? :-) அஞ்சு சதவீத வேகத்துக்கு ஒரு ஏ.சி. வச்சா அது ஓவர்கிளாக் இல்ல, வேண்டுதல்.

அப்ப பண்ணவே கூடாதான்னா, தாராளமா பண்ணுங்க. நம்ம ஊர் முறையில பண்ணுங்க:

1. வருஷா வருஷம் மேட்டூர் திறக்கறதுக்கு முன்னாடி ஆறு, வாய்க்கால் தூர் வாரறோம்ல? அதே மாதிரி அறுவடை முடிஞ்சதும் பங்குனியில கேபினட்டைத் திறந்து தூசி எடுங்க. ஊதும்போது ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கங்க.

2. காசை முதல்ல காத்துக்குப் போடுங்க. முன்பக்கம் வலை வச்ச கேபினட், ரெண்டு ஃபேன் உள்ள இழுக்க, ஒண்ணு வெளிய தள்ள. அதுக்கப்புறம் கூலர்.

3. முதல்ல பயாஸை அப்டேட் பண்ணுங்க. அப்புறம் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. ஏஎம்டின்னா கர்வ் ஆப்டிமைசர், இன்டெல்னா ஆஃப்செட். போர்டு பூட்டி வச்சிருந்தா பவர் லிமிட்டையாவது குறைங்க.

4. பிரைம்95, ஓசிசிடி, மெம்டெஸ்ட்86 மூணும் ஓட்டுங்க. இதுங்க விடை சரியான்னும் பாக்கும். ஈவென்ட் வியூவர்ல ஹார்டுவேர் எர்ரர் ஒண்ணு இருந்தாலும் ஃபெயில்.

5. மார்கழியில பாஸானதை சித்திரையில திரும்பப் பாஸ் பண்ணுங்க. அப்புறம் ஸ்க்ரீன்ஷாட் போடுங்க, நானே வந்து கை தட்டறேன்.

திரவ ஹீலியம் ஊத்தி 2024-ல ஒரு சிப்பை 9.1 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல கொண்டு போனாங்க. அது சில நொடிக்கான சாதனை, அவங்களுக்கு ஒரு சல்யூட். நம்ம மெஷின்ல வேலை நடக்கணும், வருஷம் பூரா. அடுத்தவன் வீட்டுக் கல்யாணம் அதுக்குள்ள இருக்கு.

டிஸ்கி: கொடைக்கானல்ல, ஊட்டியில இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு சண்டைக்கு வராதீங்க. உங்களுக்கு வருஷம் பூரா மார்கழி, அனுபவிங்க ராசா :-)